சேற்றில் வாழும் செங்குருதி

தைப்பிங் நகரத்திலிருந்து மேற்கே கடலை நோக்கிச் செல்லும் சாலை, செம்பனைத் தோட்டங்களையும், ஒரு காலத்தில் பால்மரங்கள் வரிசை பிசகாமல் நின்ற நிலங்களையும் கடந்து, பாக்காவ் மரங்களின் வளைந்த வேர்களுக்கு நடுவே போய் முடிகிற இடத்தில் இருக்கிறது கோல செப்பெத்தாங் என்னும் மீனவர் ஊர். ஆங்கிலேயர் ஆட்சியில் போர்ட் வெல்ட் என்று பெயர் பெற்றிருந்த இவ்வூருக்கும் தைப்பிங்குக்கும் இடையே, ஏறத்தாழ எட்டு மைல் தூரத்துக்கு, மலாயாவின் முதல் இரயில் பாதை 1885-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதியன்று திறந்து வைக்கப்பட்டது. ஈயம் கப்பலேறுவதற்காக அமைந்த அந்தப் பாதையை இடுவதற்கு இலங்கையிலிருந்து தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டார்கள் என்பதும், தண்டவாளங்கள் மறைந்த பின்பும் நிலையத்தின் பெயர்ப்பலகை தமிழ் எழுத்துகளையும் தாங்கி இன்றளவும் நிற்கிறது என்பதும் நம்மவர் பலர் அறிந்த செய்திகளே.

ஆயினும், அந்தப் பலகையையும் கரிச்சூளைகளையும் பார்த்துவிட்டு, நல்ல மீனாகப் பார்த்து வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிற யாத்திரிகர்கள், கடல் வற்றும் வேளையில் கரையோரம் தலைகாட்டுகிற கரிய சேற்றுப் பரப்பைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிராணவாயு மிகவும் அரிதாகிவிட்ட அந்தச் சேற்றில், அதையும் தேடிப் பிடித்துச் சரீரமெங்கும் கொண்டுசெல்லும் வித்தையைக் கற்றுக்கொண்ட ஜீவராசிகள் கணக்கின்றி வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று, ஈப்போ நகரத்தின் சார் குவே தியாவ் கடைகளில் நாம் அன்றாடம் காணும் கெராங் என்னும் சிப்பி.

கோல செப்பெத்தாங்கைச் சூழ்ந்து நாற்பதாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கும் மாத்தாங் சதுப்பு நிலக் காடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டுப் பராமரிக்கப்பட்டு வருவது. முப்பது ஆண்டுக்கு ஒரு சுழற்சியாக மரங்களை வெட்டி, வெட்டிய இடத்தில் மறுபடியும் வளரவிடும் அந்த ஒழுங்கினால் கரித் தொழிலுக்கு விறகு கிடைக்கிறது. காட்டின் இலைகள் உதிர்ந்து மக்குவதனால் அதன் முன்னே விரிந்த சேற்றுத் திட்டுகளுக்கு உரமும் கிடைக்கிறது. பேராக் கரையைச் சேர்ந்த பாகான் பஞ்சோர் என்னும் ஊரில் 1948-ஆம் ஆண்டு மீனவர் சிலர், இயற்கையாக விளைந்த கெராங் குஞ்சுகளை வாரி எடுத்து, வேறு சேற்றில் இடம் விட்டுத் தூவி வளர்க்கும் முறையைத் தொடங்கினார்கள். வயலில் நாற்றுப் பறித்து நடுவதை ஒத்த அந்த முறை, பின்னர் மேற்குக் கரையின் பிற இடங்களுக்கும் பரவிப் பெருந்தொழிலாயிற்று. தூவிய குஞ்சுகள் ஓராண்டுக்கு மேல் வளர்ந்து தேறிய பின், படகில் நின்றபடியே நீண்ட காம்புடைய கம்பிக் கூடையால் சேற்றைத் துழாவி அவற்றை அள்ளுகிறார்கள்.

சந்தையில் வாங்கிய கெராங்கை வேகவைப்பதற்கு முன், ஒன்றை மட்டும் தனியே எடுத்துக் கவனித்துப் பாருங்கள். தடித்து வெளிறிய இரண்டு ஓடுகள்; உச்சியிலிருந்து விளிம்பு வரையில் இறங்கும் ஆழமான வரம்புகள்; அவ்வரம்புகளின்மேல் நிரல்பட அமைந்த சிறு முடிச்சுகள். கத்தி முனையைப் பக்குவமாகச் செருகி, ஓடுகளை இறுக மூடிப் பிடித்திருக்கும் இரண்டு தசைகளையும் அறுத்துத் திறந்தால், செம்மஞ்சள் நிறச் சதையும், அதன் இருபுறமும் மெல்லிய மடிப்புகளாகப் படிந்த செவுள்களும், ஓட்டின் குழிவில் தேங்கி நிற்கும் செந்நீரும் கண்ணுக்குப் புலப்படும். அந்தச் செந்நீரைச் சேற்றின் கசிவு என்றோ, கெட்டுப்போனதன் அடையாளம் என்றோ கருதிக் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. அது அந்தப் பிராணியின் இரத்தம். நம் நாளங்களில் ஓடும் இரத்தத்தைச் சிவக்கச் செய்கிற அதே ஹீமோகுளோபின்தான் அதையும் சிவக்கச் செய்கிறது.

அதே மீன் கடையில், அதே பனிக்கட்டியின்மேல் கிடக்கும் கணவாயை அறுத்தாலும், இறாலை உரித்தாலும், நண்டைப் பிளந்தாலும், பச்சை மட்டியைத் திறந்தாலும் சிவந்த இரத்தம் வருவதில்லை. முதுகெலும்பற்ற இப்பிராணிகளுக்குள் கெராங்குக்கு மட்டும் இந்தச் செம்மை எங்கிருந்து வந்தது, மற்றவை எதைக் கொண்டு ஜீவிக்கின்றன என்னும் கேள்விகளுக்கு விடை காண வேண்டுமாயின், முதலில் நீருக்குள் சுவாசிப்பதன் கஷ்டத்தை நாம் உணர வேண்டும்.

நீரின் வறுமை

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பிராணவாயு. ஒரு லிட்டர் காற்றை உள்ளிழுத்தால் அதில் ஏறத்தாழ 210 மில்லிலிட்டர் அந்த வாயு இருக்கிறது. நம் கரையின் வெதுவெதுப்பான கடல் நீர் ஒரு லிட்டரிலோ, காற்றோடு நன்றாகக் கலந்த நிலையிலும், அதன் அளவு நாலரை மில்லிலிட்டரைத் தாண்டுவது கடினம். துருவப் பிரதேசத்துக் குளிர்ந்த கடல் ஏறத்தாழ இருமடங்கு வாயுவைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். வெப்பம் ஏற ஏற நீரின் கொள்ளளவு குறைகிறது. அதே வெப்பத்தினால் பிராணிகளின் உடல் வேலைகள் துரிதப்பட்டு அவற்றின் தேவை அதிகரிப்பதால், உஷ்ண மண்டலத்துக் கடல்வாழ் பிராணிகள், வரவு குறையும் வேளையிலேயே செலவு கூடுகிற சங்கடத்தில் எந்நாளும் வாழ்கின்றன.

வாயு நீருக்குள் பரவும் வேகமும் மிகச் சொற்பம்; காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே அது நீரில் பரவுகிறது. 1920-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற டென்மார்க் தேசத்து விஞ்ஞானி ஆகஸ்ட் குரோக், வெறும் பரவுதலை மட்டும் நம்பி வாழக்கூடிய பிராணியின் உடல் எவ்வளவு பருமனாக இருக்கலாம் என்று கணக்கிட்டபோது, உருண்டையான உடலுக்கு அந்த எல்லை ஒரு மில்லிமீட்டர் அளவிலேயே முடிந்துவிடுகிறது என்று கண்டார். அதற்குமேல் பருத்த உடல் வேண்டுமாயின், நீரை உடலருகே ஓடச் செய்யும் ஏற்பாடு ஒன்றும், பெற்ற வாயுவை உடலுக்குள்ளே ஓடச் செய்யும் ஏற்பாடு மற்றொன்றும் அவசியமாகின்றன.

சதுப்பு நிலத்து ஓடைகளில் இந்த வறுமை இன்னும் கொடியது. உதிர்ந்த இலைகளை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவை இடைவிடாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. பகலில் நுண்பாசிகள் சூரிய ஒளியினால் அந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்கின்றன. இருட்டிய பின் அவையும் வாயுவைச் செலவிடத் தொடங்குவதால், விடியும் வேளையில் நீரின் பிராணவாயு மிகவும் தாழ்ந்துவிடுகிறது. சேற்றின் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீழே அந்த வாயு முற்றிலும் அற்றுப்போகிறது. அங்கு கந்தக வாயு உண்டாவதனால்தான் சேறு கறுத்தும், அழுகிய முட்டையின் நாற்றம் வீசியும் இருக்கிறது.

மூச்சு விடும் வழிகள்

இத்தகைய உலகத்தில் பிராணிகள் கைக்கொண்ட உபாயங்கள் பல. சொறிமீன் போன்றவை, உயிருள்ள திசுவை மேற்புறத்திலும் உட்புறத்திலும் மெல்லிய படலமாக விரித்து, இடையே பெரும்பாலும் நீரான கூழ்ப்பொருளை நிரப்பிக்கொண்டு, செவுளோ இரத்தமோ இல்லாமலே காலம் தள்ளுகின்றன. நட்சத்திர மீன், தன் முதுகுத் தோலில் புடைத்து நிற்கும் நுண்ணிய குமிழ்களின் வழியாக வாயுவை உட்கொள்கிறது. லங்காவித் தீவின் காமாட் எண்ணெய்க்கு மூலமான கடல் அட்டையோ, மலவாய் வழியாகவே நீரை உள்ளிழுத்து, உடலுக்குள்ளே மரக்கிளைகளாய்ப் பிரிந்து பரவும் குழல்களில் அதைச் செலுத்தி, வாயுவைப் பெற்றுக்கொண்டு, மீண்டும் அவ்வழியாகவே வெளியேற்றுகிறது.

நண்டின் ஏற்பாடு மேலும் நுட்பமானது. முதுகோட்டின் இரு ஓரங்களுக்கும் அடியில் செவுள் அறைகள் இரண்டு உள்ளன. சமைப்பதற்கு முன் நம் வீடுகளில் பிடுங்கி எறிகிற, சாம்பல் நிறத்தில் விரல் விரலாக அமைந்த பாகங்களே அந்தச் செவுள்கள். வாயருகே உள்ள துடுப்புப் போன்ற சிறு உறுப்பு ஓயாமல் அசைந்து, கால்களின் அடியிலுள்ள திறப்புகள் வழியாக நீரை உள்ளே இழுத்து, செவுள்களின் மேலே ஓடவிட்டு, வாய்ப்புறமாக வெளியே தள்ளுகிறது. கயிற்றால் கட்டப்பட்டுச் சந்தைக் கூடையில் கிடக்கும் சேற்று நண்டு வாயில் நுரை தள்ளுவதைக் காணும்போது, அது செவுளறையில் எஞ்சிய கொஞ்சம் நீரையே திரும்பத் திரும்பக் காற்றோடு கலக்கிச் சுவாசித்துக்கொண்டிருக்கிறது என்று நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

கெராங்கின் செவுளுக்கு வேலை இரண்டு. கணக்கற்ற நுண்மயிர்கள் சேர்ந்து அசைவதனால் ஓட்டின் பின்புற விளிம்பு வழியாக நீர் உள்ளே வருகிறது. அந்த நீரிலிருந்து பிராணவாயுவையும் எடுத்துக்கொள்கிறது, உணவாகும் நுண்பாசிகளையும் வடித்துக்கொள்கிறது. ஆழப் புதைந்து வாழும் வேறு சில சிப்பிகளுக்கு உள்ளதுபோல மேல்நீரை எட்டும் நீண்ட குழல் கெராங்குக்கு இல்லாமையால், அது சேற்றின் மேற்பரப்பை ஒட்டியே வாழ வேண்டியிருக்கிறது. கடல் வற்றும் வேளையில் ஓடுகளை இறுக மூடிக்கொண்டு, தன்னுள் அடைபட்ட நீரையும் இரத்தத்தில் சேர்த்து வைத்த வாயுவையும் நம்பிக் காத்திருக்கிறது. அதுவும் தீர்ந்தால், பிராணவாயு இன்றியே உணவுச் சத்தை அரைகுறையாகச் சிதைத்துச் சொற்ப சக்தி பெறும் மாற்றுவழியில் இறங்கி, கடல் ஏறும் வரையில் உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறது.

இரும்பும் செம்பும்

செவுள் எத்துணை சிறந்ததாயினும், அது பெற்ற வாயுவைச் சுமக்கும் சாதனம் இல்லாவிட்டால் பயன் குறைவு. நிறமி எதுவும் இல்லாத இரத்தம், கடல் நீர் எவ்வளவு வாயுவைக் கரைத்துக்கொள்ளுமோ அவ்வளவையே தானும் கரைத்துக்கொள்ளும். லிட்டருக்கு நாலைந்து மில்லிலிட்டர் என்பதே அதன் எல்லை. பச்சை மட்டியும் கல் சிப்பியும் அசையாமல் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, செவுளின் மேல் ஏராளமான நீரை ஓடவிட்டு, இந்தச் சொற்ப வரவில் நிறைவு காண்கின்றன. அதனால்தான் அவற்றின் இரத்தம் நிறமற்றிருக்கிறது. சுறுசுறுப்பாக இயங்க வேண்டிய பிராணிக்கும், வாயு அரிதான இடத்தில் வாழ வேண்டிய பிராணிக்கும் அது போதாது.

தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு இதன் சூட்சுமம் எளிதில் விளங்கும். மங்குகளில் சேர்ந்த பாலை உள்ளங்கையில் ஏந்தி ஸ்டோருக்குக் கொண்டுபோக இயலாது. அதற்கு வாளி வேண்டும். அந்த வாளியும் மரத்தடியில் நிரம்புவதாகவும், ஸ்டோரில் சொட்டு விடாமல் கவிழ்வதாகவும் இருந்தால்தான் உழைப்புக்குப் பலன். அதுபோலவே, செவுளருகே பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு, உழைக்கும் தசையருகே அதை விட்டுக்கொடுக்கிற பொருளே சுவாச நிறமி. பற்றத் தெரிந்து விடத் தெரியாத பொருள் இரத்தத்தில் எவ்வளவு இருந்தும் பிராணி மூச்சுத் திணறிச் சாகும். ஆகையால் ஒவ்வொரு பிராணியின் நிறமியும், அது வாழும் நீரில் உள்ள வாயுவின் அளவுக்கும் அதன் தசைகளின் தேவைக்கும் இசைந்ததாக, நெடுங்காலப் பரிணாமத்தில் அமைந்திருக்கிறது.

இந்த நிறமிகளில் நமக்கு நெருங்கிய உறவுடையது ஹீமோகுளோபின். ஹீம் என்னும் வளையத்தின் நடுவே அமர்ந்த இரும்பு அணு ஒன்று, பிராணவாயு மூலக்கூறு ஒன்றைப் பற்றிக்கொள்கிறது. நம் ஹீமோகுளோபின் நான்கு புரதச் சங்கிலிகள் கூடி நான்கு இரும்பு அணுக்களைக் கொண்டது. அதனைச் சுமக்கும் நம் இரத்தம் லிட்டருக்கு ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் பிராணவாயுவை ஏந்திச் செல்லும். கெராங்கிலோ இரண்டு சங்கிலிகள் கூடியது ஒன்றும், நான்கு சங்கிலிகள் கூடியது ஒன்றுமாக இருவகை ஹீமோகுளோபின்கள் உள்ளன. நம்முடையதைப் போலவே அவையும் சிவப்பணுக்களுக்குள் அடங்கியிருந்தாலும், நம் சிவப்பணு முதிர்ந்ததும் உட்கருவை இழந்துவிடுகிறது. கெராங்கின் சிவப்பணு அதைக் கடைசிவரை வைத்திருக்கிறது. சங்கிலிகள் ஒன்றோடொன்று பொருந்தும் விதமும் வேறு: நம்மில் வெளிப்புறம் நோக்கி நிற்கும் பாகங்கள் அந்தச் சிப்பி இனத்தில் உட்புறமாகத் திரும்பி ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. இவ்வாறு அமைப்பு தலைகீழாக இருந்தும், ஓர் இரும்பு அணு வாயுவைப் பற்றிய உடனே அடுத்ததும் பற்றுவதற்கு ஆயத்தமாகிற கூட்டுறவு இரண்டிலும் உண்டு. ஒரே மூலப் பொருளிலிருந்து இயற்கை இருவேறு பாதைகளில் நடந்து ஒரே லட்சியத்தை அடைந்திருக்கிறது என்பதை எண்ணுந்தோறும் மனம் வியப்பில் ஆழ்கிறது.

அந்த மூலப் பொருளின் தொன்மைக்குச் சான்று தேடிக் கடலுக்குப் போகவும் வேண்டியதில்லை. இளம் பால்மரங்களுக்கு இடையே மண்ணைக் காப்பதற்காகத் தோட்டங்களில் படரவிட்ட அவரை இனக் கொடிகளின் வேரைப் பிடுங்கிப் பார்த்தால், சிறு முடிச்சுகள் காணப்படும். அவற்றுள் ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். அது ஹீமோகுளோபினின் நெருங்கிய சுற்றமான ஒரு பொருள்; காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்கு உதவும் வகையில் மாற்றித் தரும் நுண்ணுயிர்களுக்கு, பிராணவாயுவை அளவறிந்து வழங்குவது அதன் தொழில். பாக்டீரியாவிலிருந்து மனிதன் வரையில் பரவிக் கிடக்கும் இந்தக் குடும்பம், பிராணிகள் தோன்றுவதற்கும் முற்பட்டது.

நண்டு, இறால், கணவாய், நத்தை, சங்கு ஆகியவை தேர்ந்துகொண்டது வேறொரு உலோகத்தை. பெல்ஜிய விஞ்ஞானி லெயோன் ஃபிரெடெரிக் 1878-ஆம் ஆண்டு எண்காலியின் இரத்தத்தை ஆராய்ந்தபோது, பிராணவாயு பட்டால் நீலமாகவும் அது நீங்கினால் நிறமற்றதாகவும் மாறும் பொருள் ஒன்றைக் கண்டு, அதற்கு ஹீமோசயனின் என்று பெயரிட்டார். அதில் ஹீம் வளையமும் இல்லை, இரும்பும் இல்லை. அருகருகே நிற்கும் இரண்டு செம்பு அணுக்கள் தம்மிடையே ஒரு பிராணவாயு மூலக்கூறைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நம் ஆலயங்களில் முழங்கும் சங்கு உயிரோடு கடலடியில் ஊர்ந்தபோது அதன் சரீரத்தில் ஓடியதும் இத்தகைய செம்பு கலந்த இரத்தமே. இந்நிறமி அணுக்களுக்குள் அடங்காமல் இரத்த நீரிலேயே கரைந்து, மிகப் பெரிய மூலக்கூறுகளாக மிதக்கிறது. அது சுமக்கும் வாயு லிட்டருக்குப் பத்து முதல் ஐம்பது மில்லிலிட்டருக்குள் நின்றுவிடுகிறது. வேகமாக நீந்தும் கணவாய் இக்குறையை நிவர்த்திக்க மூன்று இதயங்களை வைத்திருக்கிறது. இரண்டு, செவுள்களுக்கு இரத்தத்தைத் தள்ளுகின்றன. மூன்றாவது, வாயு நிறைந்த இரத்தத்தை உடலெங்கும் செலுத்துகிறது.

வேகவைத்த இறால் சிவப்பதைக் கண்டு அதன் இரத்தம் சிவந்தது என்று எண்ணுதல் தவறு. ஓட்டில் புரதத்தோடு பிணைந்திருந்த வேறொரு நிறப்பொருள் வெப்பத்தினால் விடுபடுவதே அச்சிவப்புக்குக் காரணம். ஆனால் வாங்கி வைத்த இறாலின் தலை நாளடைவில் கறுப்பதற்கும் ஹீமோசயனினுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கறுப்பை உண்டாக்கும் நொதியும் இரண்டு செம்பு அணுக்களைக் கொண்டதே. காயத்தை அடைக்கவும் கிருமியை எதிர்க்கவும் பயன்பட்ட அத்தகைய ஒரு பழைய புரதத்திலிருந்தே, நண்டு இறால் வர்க்கத்தின் சுவாச நிறமி தோன்றியது என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு. நத்தை, கணவாய் வர்க்கம் தன் ஹீமோசயனினை இதனோடு சம்பந்தமின்றித் தனியே பெற்றது.

இவையன்றி, ஹீம் வளையம் இல்லாமல் வெறும் இரும்பு அணுக்கள் இரண்டைக் கொண்டு, வாயு பட்டதும் ஊதா கலந்த செந்நிறம் அடைகிற ஹீமெரித்ரின் என்பதும் உண்டு. நம் மேற்குக் கரைச் சேற்றில் தசைக் காம்பை ஊன்றி நிற்கும் லிங்குலா என்னும் பிராணியும், சிலவகைக் கடற்புழுக்களும் அதையே நம்பியிருக்கின்றன. விசிறி போன்ற மகுடத்தைக் குழலிலிருந்து நீட்டி வாழும் வேறு சில புழுக்களின் இரத்தம், நீர்த்திருக்கையில் பச்சையாகவும் செறிந்திருக்கையில் சிவப்பாகவும் தோன்றும் குளோரோகுருவோரினால் ஆனது. நிறம் எதுவாயினும் தொழில் ஒன்றே.

மனிதன் பெற்ற உதவி

இப்பிராணிகளின் இரத்தம் மனித குலத்துக்கும் பெரும் உபகாரம் செய்திருக்கிறது. பெலாங்காஸ் என்று நம் நாட்டில் வழங்கும் லாட நண்டு, நண்டு இனத்தைவிடச் சிலந்திக்கும் தேளுக்கும் நெருங்கிய உறவுடையது. நாற்பது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பரம்பரை அதற்கு உண்டு. அதைக் கவிழ்த்துப் பார்த்தால், கால்களுக்குப் பின்னே, புத்தகத்தின் தாள்களைப் போல மெல்லிய ஏடுகள் அடுக்கடுக்காக அமைந்த ஐந்து இணைச் செவுள்கள் தெரியும். அந்த ஏடுகளுக்குள் ஓடுவது ஹீமோசயனின் நிறைந்த நீல இரத்தம். அவ்விரத்தத்தில் மிதக்கும் ஒருவகை அணுக்கள், பாக்டீரியாவின் நச்சுப்பொருள் எள்ளளவு பட்டாலும் உடனே உறைந்து கிருமியைச் சிறைப்படுத்துகின்றன. அமெரிக்க விஞ்ஞானி ஃபிரெடெரிக் பாங் 1956-ஆம் ஆண்டு இதனை வெளிப்படுத்தினார். பின்னர் ஜாக் லெவினும் அவரும் சேர்ந்து இதையே ஒரு சோதனை முறையாக வளர்த்தார்கள். தடுப்பூசியும் ஊசி மருந்தும் நச்சுக் கலப்பில்லாதவை என்று உறுதி செய்ய உலகெங்கும் அம்முறையே பயன்பட்டு வந்தது. விலங்கின் இரத்தம் வேண்டாத செயற்கை முறைகள் இப்போது அதன் இடத்தைப் பெறத் தொடங்கியுள்ளன.

பிரான்ஸ் தேசத்துக் கடற்கரையில் மணலைக் குடைந்து வாழும் அரெனிகோலா என்னும் புழுவின் ஹீமோகுளோபின், அணுக்களுக்குள் அடங்காமல் இரத்த நீரிலேயே மிதக்கும் மாபெரும் மூலக்கூறு. ஒன்று மட்டுமே 156 பிராணவாயு மூலக்கூறுகளைச் சுமக்கவல்லது. தானமாகப் பெற்ற சிறுநீரகம் முதலிய உறுப்புகள் மாற்றிப் பொருத்தப்படும் வரையில் வாடாமல் இருக்க அதைப் பயன்படுத்தும் முறையை, ஃபிராங்க் ஸால் என்னும் விஞ்ஞானி தலைமையில் உருவாக்கியிருக்கிறார்கள்.

நம் மக்களுக்கும் ஹீமோகுளோபின் என்பது ஏட்டில் மட்டும் கண்ட பொருள் அன்று. செருப்பில்லாத காலோடு பால்மரக் காட்டில் நடந்த தலைமுறைகளின் பாதத்தின் வழியே கொக்கிப்புழு நுழைந்து, குடலில் தங்கி இரத்தத்தைக் குடித்ததனால், தோட்டப்புறங்களில் சோகை நோய் எத்தனையோ தாய்மார்களை வெளிறச் செய்தது. இரும்புச் சத்து மாத்திரையின் அருமையை லயத்து வீடுகள் நன்கு அறிந்திருந்தன. நம் உடலைத் தள்ளாடச் செய்த அந்தக் குறையையும், சேற்றில் ஒரு சிப்பியை வாழச் செய்கிற அந்த நிறைவையும் நிர்ணயிப்பது ஒரே இரும்பு அணுதான் என்று அறிகிற உள்ளம், சிறு ஜந்து என்று எதையும் இகழாது.

சேற்றின் ஆரோக்கியம்

கெராங் தன் செவுளில் நீரை வடிப்பது போலவே, நீரிலுள்ள கிருமிகளையும் வடித்துச் சேர்த்துக்கொள்கிறது. 1988-ஆம் ஆண்டு சீனாவின் ஷாங்காய் நகரத்தில், கழிவுநீர் கலந்த கடலில் விளைந்த இதே குடும்பத்துச் சிப்பிகளை அரைவேக்காட்டில் உண்டதனால், ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் மஞ்சள் காமாலைக்கு ஆளானார்கள். அச்சிப்பியின் இரத்தம் சிவந்திருந்தது அந்த நோய்க்குக் காரணமன்று. மனிதர் கடலில் விட்ட கழிவே காரணம். ஆகவே, கெராங்கை நன்றாக வேகவைத்து உண்பதோடு, அது வாழும் நீரைச் சுத்தமாக வைத்திருப்பதும் நம் கடமையாகிறது.

பாகான் பஞ்சோரில் தொடங்கிய அந்தத் தொழில், 2010-க்குப் பிந்திய ஆண்டுகளில் மேற்குக் கரையில் பெரும் வீழ்ச்சி கண்டது. விதைத்த குஞ்சுகள் தேறாமையும், விதையே கிடைக்காமையும் மீனவர்களின் தீராத முறையீடுகளாயின. நகரத்துச் சாக்கடையும், தொழிற்சாலைக் கழிவும், தோட்டங்களிலிருந்து அடித்து வரப்படும் உரமும் வண்டலும் ஓடைகளில் சேரும்போது, அவற்றைச் சிதைக்க நுண்ணுயிர்கள் பெருகி, ஏற்கெனவே அரிதான பிராணவாயுவை மேலும் அரிதாக்குகின்றன. ஓட்டை மூடிக்கொண்டு ஒரு வேளை கடல் ஏறும் வரையில் காத்திருக்கக் கற்ற ஜீவன், மூச்சற்ற நீரே நாள்கணக்கில் சூழ்ந்து நிற்குமாயின் என்ன செய்யும்? செங்குருதி எத்துணை மேன்மையான சாதனமாயினும், நீரில் இல்லாத வாயுவை அது படைத்துக் கொடுக்க முடியாது.

நம் தமிழ்ப் பள்ளிகளின் அறிவியல் வகுப்பில் சுவாசத்தைப் பற்றிய பாடம் வரும்போது, மாணவர்கள் கையில் ஒரு கெராங்கையும் ஒரு கொடி வேரையும் கொடுத்து, இரண்டிலும் தோன்றும் செம்மையைத் தாமே கண்டறியச் செய்தல் வேண்டும். அடுத்த தலைமுறை இச்சேற்றை நேசிப்பதற்கு அதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. பெரியவர்களாகிய நாம் கேட்க வேண்டியது வேறொன்று. ஓடைக்கரையில் புதிய ஆலைக்கோ, குளத்துக்கோ, வடிகாலுக்கோ அனுமதி வழங்குவதற்கு முன், அந்த நீரின் பிராணவாயுவை நண்பகலில் அளந்து காட்டினால் போதாது. பாசிகளின் உதவியால் நீர் செழிப்பாகத் தோன்றும் வேளை அது. விடியற்காலையில், பிராணவாயு மிகவும் தாழ்ந்த நேரத்தில் அளந்து, அந்தக் கணக்கை மீனவர்களும் பொதுமக்களும் அறியும்படி வெளியிட வேண்டும். சேற்றில் வாழும் ஜீவன்களின் உயிர் அந்த வேளையின் அளவில்தான் நிற்கிறது என்பதால், நம் சட்டமும் அந்த வேளையின் அளவையே ஆதாரமாகக் கொள்ளுதல் நியாயம்.